மகனுக்குக் கண் சிமிட்டல், தோள் குலுக்கல், கூடவே பயம்: பினாங்கில் யாரிடம் காட்டுவது?

ஜெலுத்தோங்_அம்மா
திங்கள், இரவு 11.40

வணக்கம். இவ்வளவு நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதுறேன்.

மகனுக்கு 9 வயசு, தமிழ்ப்பள்ளியில மூணாம் ஆண்டு. போன வருஷக் கடைசி லீவுல கண்ணைப் படபடன்னு சிமிட்ட ஆரம்பிச்சான். டிவிதான் காரணம்னு டிவியை நிறுத்தினோம். நிக்கல. கண் டாக்டர் அலர்ஜின்னு சொட்டு மருந்து கொடுத்தாங்க. ரெண்டு வாரத்துல சிமிட்டல் குறைஞ்சுது, மருந்து கேட்டுடுச்சுன்னு நிம்மதியா இருந்தேன். அது போன இடத்துல தோள் குலுக்கல் வந்துச்சு. வலது தோள் மட்டும், காது வரைக்கும் தூக்கி இறக்குவான். இப்ப ரெண்டு மாசமா தொண்டையைச் செருமிக்கிட்டே இருக்கான். சாப்பிடும்போது, ஹோம்வொர்க் செய்யும்போது, தூக்கம் வர்ற வரைக்கும்.

இதை விட எனக்கு வேதனை அவனோட பயம். காலையில எழுப்பினா வயித்து வலின்னு சுருண்டுக்கிறான். காடியில ஏறினதும், "அம்மா, இன்னைக்கு வீட்லயே இருப்பீங்களா? எங்கயும் போக மாட்டீங்களே?" போக மாட்டேன் ஐயான்னு சொன்னாலும் அடுத்த சிக்னல்ல மறுபடி அதே கேள்வி. போன வாரம் துணி துவைக்கும்போது பார்த்தேன், அஞ்சு பள்ளிச் சட்டையிலயும் காலர் நுனி நூல் நூலா பிரிஞ்சிருக்கு. கடிச்சுக் கடிச்சு. அன்னைக்குப் போட்ட சட்டையில எச்சில் ஈரம் இன்னும் காயல. அதைக் கையில வெச்சுட்டு மெஷின் பக்கத்துல அப்படியே நின்னுட்டேன்.

வகுப்புல சத்தம் போடுறான்னு ஒரு டீச்சர் அவனைப் பின்னால நிக்க வெச்சிருக்காங்க. வீட்டுக்காரர் கண்டிச்சா நின்னுடும்னு சத்தம் போடுறார். மாமியார் கோயில்ல மந்திரிச்ச விபூதி பூசுறாங்க. அவன் என்கிட்ட மட்டும் சொல்றான், "வேணும்னு செய்யலம்மா, தானா வருது."

எந்த டாக்டர்கிட்ட போகணும்? சிறுவர் டாக்டரா, நரம்பு டாக்டரா, மனநல டாக்டரா? மனநலம்னு ஒரு தடவை பேர் பதிஞ்சா அவன் எதிர்காலத்துக்கு இடைஞ்சல் வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பிறை_வாசி
திங்கள், இரவு 11.58

என் அக்கா மகனுக்கும் இதே மாதிரி கண் சிமிட்டல் இருந்துச்சு. யாரும் கண்டுக்கல, ஆறு மாசத்துல தானா போயிடுச்சு. நீங்களும் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்க.


செந்தூல்காரி
செவ்வாய், காலை 6.15

பிறை_வாசி சொன்னது சிமிட்டலுக்குச் சரி. நிறைய பிள்ளைகளுக்கு வந்து போகும். ஆனா இந்தப் பிள்ளை தினமும் வயித்து வலியோட பள்ளிக்குப் போறான், சட்டைக் காலரைக் கடிக்கிறான். அதை விட்டுப் பார்க்க வேண்டாம். விட்டுப் பார்த்து ஒன்றரை வருஷத்தைத் தொலைச்சவ நான்.

என் மகளுக்கு இப்ப 12. ஏழு வயசுல மூக்கை உறிஞ்சுறதுல ஆரம்பிச்சுது. சளின்னு நினைச்சு காது மூக்கு தொண்டை டாக்டர், சின்சேங்கிற சீன வைத்தியர், நாட்டு மருந்துன்னு கோலாலம்பூர் முழுக்கச் சுத்தினோம். கடைசியில ஒரு சிறார் மனநல மருத்துவர் முதல் அரை மணி நேரத்துல மூக்கைப் பத்தி ஒண்ணுமே கேட்கல. "ராத்திரி தனியா தூங்குவியா? பள்ளிக் கழிவறைக்குப் போவியா? அம்மா வர லேட்டானா என்ன நினைப்பே?" இதைத்தான் கேட்டார். பிள்ளை அழுதுட்டா. ரெண்டு வருஷமா பள்ளியில ஒன்னுக்குப் போகாம அடக்கிட்டு இருந்திருக்கா. எனக்குத் தெரியாது. தாய் நான், எனக்குத் தெரியாது.

அதனால சொல்றேன். நம்ம கண்ணுக்குத் தெரியுறது தோளும் தொண்டையும். பிள்ளை உள்ளுக்குள்ள படுறது பயம். எங்க வீட்ல பயத்துக்கு முதல்ல சிகிச்சை நடந்துச்சு, உறிஞ்சுறது முழுசா போகல, ஆனா பாதியா குறைஞ்சுது. அவளும் அதைப் பெருசா எடுத்துக்கிறதை விட்டுட்டா.

இன்னைக்கே ஒண்ணு செய்யுங்க. அவன் செருமும்போது, தோள் தூக்கும்போது அவனுக்குத் தெரியாம போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வைங்க. டாக்டர் முன்னால உட்கார்ந்தா நிறைய பிள்ளைகளுக்கு ஒண்ணும் வராது, நாம பொய் சொல்ற மாதிரி ஆயிடும்.


மிஸ்ஸி_பட்டர்வொர்த்
செவ்வாய், மதியம் 2.30

நான் தாதியா இருக்கேன், 17 வருஷம். உங்க பிள்ளையைப் பார்க்காம இதுதான் நோய்னு நான் சொல்லக் கூடாது. ஆனா நீங்க எழுதியிருக்கிறதை டாக்டருங்க "டிக்"னு சொல்வாங்க. பொதுவா 5, 6 வயசுல ஆரம்பிக்கும், 10, 12 வயசுல உச்சத்துக்குப் போகும், பதின்ம வயசு முடியும்போது நிறைய பேருக்கு நல்லா குறைஞ்சிடும். பையன்களுக்குத்தான் அதிகம். ஒண்ணு போய் இன்னொண்ணு வர்றது, சில வாரம் அடங்கி மறுபடி ஏறுறது, இதெல்லாம் அதோட குணம். உங்க சொட்டு மருந்து கேட்ட மாதிரி தெரிஞ்சது அதனாலகூட இருக்கலாம்.

அசைவும் சத்தமும் ரெண்டும் இருந்து, ஒரு வருஷத்துக்கு மேல நீடிச்சா டூரெட்னு பேர் வைப்பாங்க. 1885-லயே பிரான்ஸ் டாக்டர் ஒருத்தர் விவரிச்சது, அவர் பேர்தான் அது. பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க. டூரெட்னா கெட்ட வார்த்தை கத்துறதுன்னு சினிமா பார்த்து நினைக்கிறாங்க, அது சுமார் பத்துல ஒருத்தருக்குத்தான் வரும்.

எங்க போறதுன்னு கேட்டீங்க. முதல்ல உங்க வட்டாரத்து கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்க சுகாதார கிளினிக். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். வீடியோவைக் காட்டுங்க, பயத்தையும் வயித்து வலியையும் சேர்த்துச் சொல்லுங்க, ஏன்னா செருமலை மட்டும் சொன்னா இருமல் மருந்தோட அனுப்பிடுவாங்க. ரெஃபர் லெட்டர் கேளுங்க. தீவுல இருக்கிற உங்களுக்கு ரெசிடென்சி ரோட்டு பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி பக்கம். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கும் கட்டணம் குறைவுதான். முதல்ல சிறுவர் பிரிவு பார்த்துட்டு மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம், நேராவும் அனுப்பலாம். தேதி கிடைக்க வாரக் கணக்கு, சில சமயம் மாசக் கணக்கு ஆகும். லெட்டரை இப்பவே வாங்கி வைக்கச் சொல்றது அதனாலதான்.

காத்திருக்கக் கூடாத நேரமும் இருக்கு. அசைவு வரும்போது பிள்ளைக்கு நினைவு தப்புதா, கூப்பிட்டா திரும்பலையா, காய்ச்சலோட திடீர்னு ஆரம்பிச்சுதா, நடை தடுமாறுதா, சாகணும்னு பேசுறானா? இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க. டிக் வர்ற பிள்ளைக்கு நினைவு தெளிவா இருக்கும், கொஞ்ச நேரம் அடக்கவும் முடியும். வலிப்பை அப்படி அடக்க முடியாது.

பேர் பதியுறதைப் பத்தி: ஆஸ்பத்திரி ஃபைல் பள்ளிக்குப் போகாது. நீங்க சொன்னாத்தான் பள்ளிக்குத் தெரியும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது கேட்டா மறைக்காம சொல்லணும், அது எந்த நோய்க்கும் உள்ளதுதான்.

உங்களுக்கே மனசு தாங்கலைன்னா சுகாதார அமைச்சோட 15555 நம்பருக்குக் கூப்பிடலாம். பிள்ளையைப் பார்த்துக்கிறவங்களும் பேசலாம்.


தோட்டத்து_ஐயா
செவ்வாய், மாலை 5.05

அம்மா, வயதானவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். எங்கள் தோட்டத்தில் தலையை ஆட்டும் பிள்ளை, கண் அடிக்கும் பிள்ளை எல்லாம் இருந்தார்கள். யாரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதில்லை. மனநல மருந்து கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், நல்ல வார்த்தை சொல்லுங்கள். அவசரப்பட வேண்டாம் என்பது என் எண்ணம்.


பிரிக்பீல்ட்ஸ்_தம்பி
செவ்வாய், இரவு 9.20

ஐயா, வணக்கம். உங்க தோட்டத்துல தலையாட்டின பிள்ளைகள்ல ஒருத்தன் மாதிரிதான் நான். எனக்கு 24 வயசு, டூரெட் இருக்கு. அந்தப் பிள்ளைகளை மத்தவங்க என்ன பேர் வெச்சுக் கூப்பிட்டாங்கன்னு யோசிச்சுப் பாருங்க ஐயா. எனக்கு "ஸ்பிரிங்"னு பேர். ஆறாம் ஆண்டு வரைக்கும் என் உண்மைப் பேரை வகுப்புல வாத்தியார் மட்டும்தான் சொன்னார்.

அக்கா, உங்க மகன் "தானா வருது"ன்னு சொல்றான்ல, அதை நான் உள்ளேயிருந்து சொல்றேன். தும்மல் வரப் போகுது, வராம மூக்கு நுனியில நிக்குது, அந்த மாதிரி தோள்ல ஒரு உறுத்தல். குலுக்கினா ஒரு செகண்ட் அடங்கும். அப்புறம் மறுபடி சேரும். அடக்க முடியும், ஆனா அடக்குற நேரத்துல வாத்தியார் சொல்ற ஒரு வார்த்தையும் காதுல ஏறாது. பள்ளியில ஆறு மணி நேரம் அடக்கிட்டு வீட்டுக்கு வந்து அம்மா முன்னால கொட்டுவேன். அம்மா, "என்னைப் பார்த்தாத்தான் உனக்கு வருதா?"ன்னு கேட்பாங்க. ஆமா, அம்மா முன்னாலதான் விட முடியும்.

"செய்யாதே"ன்னு சொன்னா கூடும். பார்த்துட்டே இருந்தாலும் கூடும். தூக்கம் கெட்டாலும், பரீட்சை வந்தாலும், தீபாவளி சந்தோஷத்துலகூட கூடும். ஃபுட்பால் ஆடும்போது காணாம போயிடும். அமெரிக்க கோல்கீப்பர் டிம் ஹோவர்டுக்கும் டூரெட்தான். 2014 உலகக் கிண்ணத்துல பெல்ஜியத்துக்கு எதிரா அத்தனை கோலைத் தடுத்தவர். தம்பிக்கு ஃபுட்பால் பிடிக்கும்னா அந்த ஆட்டத்தைக் காட்டுங்க.

மருந்து பத்தி ஐயா சொன்னதுல உண்மையும் இருக்கு. எனக்கு 14 வயசுல குளோனிடின் கொடுத்தாங்க, முதல் மாசம் தூங்கி வழிஞ்சேன். அளவைக் குறைச்சதும் சரியாச்சு. ஆனா எல்லாருக்கும் மருந்து கொடுக்கிறதில்ல. கழுத்து வலிக்கிற அளவுக்குப் போனாத்தான், படிப்பு கெட்டாத்தான் அதைப் பத்தியே பேசுவாங்க.

எனக்கு ரொம்ப உதவினது சிபிட்ங்கிற பயிற்சி. உறுத்தல் வர்றதை முதல்ல கவனிக்கக் கத்துக் கொடுப்பாங்க. வந்ததும் அந்த அசைவுக்கு எதிரா வேற ஒண்ணு செய்யணும். தோளுக்கு, முழங்கையை இடுப்போட அழுத்தி வெச்சுக்கிறது. செருமலுக்கு, மூக்கு வழியா மெதுவா மூச்சு விடுறது. உறுத்தல் தணியுற வரைக்கும். கேட்க சின்ன விஷயமா இருக்கும், பழக வாரக் கணக்கு ஆகும். 2010-ல 9 முதல் 17 வயசு வரைக்கும் 126 பிள்ளைகளை வெச்சு அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணினாங்க. பத்து வாரத்துல, இந்தப் பயிற்சி எடுத்தவங்கள்ல பாதிக்கு மேல நல்ல முன்னேற்றம். வெறும் ஆலோசனை மட்டும் கிடைச்சவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்குத்தான். போற இடத்துல இந்தப் பயிற்சி தெரியுமான்னு கேளுங்க.


தோட்டத்து_ஐயா
செவ்வாய், இரவு 10.02

தம்பி, பட்டப்பெயர் என்று சொன்னதும் ஒரு பையன் முகம் நினைவுக்கு வந்தது. நாங்களும் கூப்பிட்டோம். அம்மா, பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.


ரெண்டு_பிள்ளை_அப்பா
புதன், காலை 7.10

உங்க வீட்டுக்காரருக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. நான் ரோத்தான் பிரம்பு எடுத்தவன். மகன் கழுத்தை வெட்டி வெட்டி இழுத்தான், என் முன்னால திமிரா செய்யுறான்னு நினைச்சு அடிச்சேன். அடிச்சப்ப அவன் ரெண்டு கையாலயும் சொந்தக் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், அசையாம இருக்கணும்னு. அதுக்கப்புறம் அந்த ரோத்தானை நான் தொடல. இப்ப அவனுக்கு 15. நான் மன்னிப்புக் கேட்டேன், பரவால்லப்பான்னு சொன்னான்.


நிலாச்சோறு
புதன், காலை 10.45

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வகுப்பில் பின்னால் நிற்க வைத்ததைப் படித்து மனம் கனத்தது. எங்களில் பலருக்கு இதைப் பற்றி யாரும் சொல்லித் தந்ததில்லை. அதற்காக அந்தப் பிள்ளை பட்டது சரியாகிவிடாது.

பள்ளிக்குச் சண்டை பிடிக்கும் தோரணையில் போகாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். வகுப்பாசிரியரையும், பள்ளியில் இருந்தால் ஆலோசக ஆசிரியரையும் சேர்த்துச் சந்திக்க நேரம் கேளுங்கள். மருத்துவரின் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் ஒரு பக்கத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள்: இது அவன் விரும்பிச் செய்வதன்று, கண்டித்தால் கூடும், கவனிக்காமல் விட்டால் பாடம் நடக்கும். கேட்கவும் இரண்டு காரியங்களை மட்டும் கேளுங்கள். அடக்க முடியாதபோது அனுமதி கேட்காமல் வெளியே போய் தண்ணீர் குடித்து வர விட வேண்டும். உட்காரும் இடம் முதல் வரிசையில் இல்லாமல், பக்கவாட்டில், பின்னால் இருப்பவர்கள் முறைக்காத இடமாக இருக்க வேண்டும். பத்துக் கோரிக்கை கொடுத்தால் எங்களால் ஒன்றுகூடச் செய்ய முடியாது, உண்மையைச் சொல்கிறேன்.

மற்ற பிள்ளைகளிடம் சொல்லலாமா என்பதை மகனிடமே கேளுங்கள். என் வகுப்பில் ஒரு மாணவி தானே எழுந்து சொன்னாள். ஐந்து நிமிடம்தான் பேசினாள். அடுத்த வாரம் அந்தச் சிரிப்பு நின்றது.


ஜெலுத்தோங்_அம்மா
புதன், இரவு 11.15

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ரெண்டு தடவை படிச்சேன். வீட்டுக்காரர்கிட்ட போனைக் கொடுத்துட்டுக் குளிக்கப் போயிட்டேன். வந்து பார்த்தா அவர் மகன் ரூம் வாசல்ல நிக்கிறார்.

ஒரு கேள்வி. தேதி கிடைக்க ரொம்ப நாள் ஆச்சுன்னா பிரைவேட்ல போகலாமா? இன்டர்நெட்ல நிறைய பேர் "தெரபிஸ்ட்"னு போட்டிருக்காங்க. யாரை நம்புறது? அப்புறம், "வீட்லயே இருப்பீங்களா"ன்னு கேட்டுட்டே இருக்கானே, நான் என்ன சொல்லணும்?


மிஸ்ஸி_பட்டர்வொர்த்
வியாழன், காலை 8.00

மனநல மருத்துவர்னா டாக்டர் படிப்பு முடிச்சவர், மருந்து எழுதலாம். மலேசிய ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டுல பேரைத் தேடிப் பார்க்கலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தான் பயிற்சி கொடுப்பாங்க, மருந்து எழுத மாட்டாங்க. அவங்க 2016 துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்துக்குக் கீழ வர்றாங்க, பதிவு நம்பர் கேளுங்க. கவுன்சலர்னா 1998 கவுன்சலர் சட்டப்படி பதிவு வேணும், "கேபி" நம்பர் இருக்கும். கேட்டதுக்குக் கோவிச்சுக்கிட்டாங்கன்னா அங்க போகாதீங்க. மூணு மாசத்துல டிக்கை அடியோட நிறுத்துறேன், பேக்கேஜ் பணம் முன்னால கட்டுங்கன்னு சொல்றவங்க வாசலை மிதிக்காதீங்க. தலைநகர்ல இருக்கிறவங்களுக்கு பிபியுஎம் (மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி), செராஸ் யுகேஎம் ஆஸ்பத்திரி ரெண்டுலயும் சிறார் மனநலப் பிரிவு இருக்கு.


செந்தூல்காரி
வியாழன், காலை 8.40

அந்தக் கேள்விக்கு எங்க டாக்டர் சொன்னதைச் சொல்றேன். முதல்ல எனக்குக் கல் மனசு மாதிரி தெரிஞ்சுது. நாம பதில் சொல்லச் சொல்ல அந்தப் பயத்துக்குத் தீனி போடுறோமாம். சொன்னதும் ரெண்டு நிமிஷம் அடங்கும், மறுபடி பசிக்கும். ஒரு தடவை தெளிவா சொல்லணும். அடுத்த தடவை கேட்டா, "இது பயம் கேட்கிற கேள்வி. நீ என்ன நினைக்கிற?"ன்னு அவகிட்டயே திருப்பிக் கொடுக்கணும். கோபப்படாம. இதை அவளுக்கு முன்னாலயே சொல்லி வெச்சுட்டுத்தான் ஆரம்பிச்சோம், திடீர்னு செய்யல.

அப்புறம் தாள்ல ஒரு படிக்கட்டு வரைஞ்சார். அடிப் படியில, நான் வெளியில நிக்க அவ பள்ளிக் கழிவறைக் கதவு வரைக்கும் போறது. மேல் படியில, அவளே தனியா போயிட்டு வர்றது. ஒரு படிக்கு ஒரு வாரம், சிலதுக்கு மூணு வாரம். மூணாவது படியில ஒரு மாசம் நின்னுட்டா. டாக்டர் அவசரப்படுத்தல.


ஜெலுத்தோங்_அம்மா
ஒன்பது வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.30

சொல்லாம போயிட்டேன்னு நினைக்காதீங்க. கிளினிக்ல லெட்டர் கிடைச்சுது, அந்த டாக்டர் வீடியோவை மூணு தடவை போட்டுப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரி தேதி ஆறு வாரத்துல வந்துச்சு.

டாக்டர் எங்களை வெளியில உட்கார வெச்சுட்டு அவன்கூட மட்டும் பேசினாங்க. இருபது நிமிஷம். உள்ள போனா மேசையில ஒரு படம். கட்டில்ல தாத்தா, பக்கத்துல நான். போன வருஷம் என் அப்பா தவறினார். தூக்கத்துலயே போயிட்டார். மகன் பக்கத்து ரூம்ல செருமிக்கிட்டு விளையாடிட்டு இருந்தானாம், "சத்தத்தைக் குறைடா"ன்னு யாரோ சொல்லியிருக்காங்க. தன்னோட சத்தத்தாலதான் தாத்தா போயிட்டார், அடுத்தது அம்மான்னு இத்தனை நாளா மனசுல வெச்சிருந்திருக்கான். செருமலைக்கூட நான் ரெண்டு மாசம்னுதான் கணக்கு வெச்சிருந்தேன். அதுக்கு முன்னாலயே இருந்திருக்கு, நான் கவனிக்கல.

அந்தச் சாவாலதான் டிக் வந்துச்சான்னு கேட்டேன். அப்படி முடிச்சுப் போடாதீங்கன்னு சொன்னாங்க. டிக் மூளையோட வயரிங்ல வர்றது, குடும்ப வழியிலயும் வரும், பதற்றம் அதை ஏத்திவிடும், அவ்வளவுதான்னு விளக்கினாங்க. குடும்பத்துல யாருக்காவது உண்டான்னு கேட்டப்ப வீட்டுக்காரர் இல்லைன்னார். வீட்டுக்கு வந்து மாமியார்கிட்ட சொன்னா, அவங்க விபூதித் தட்டைக் கீழ வெச்சுட்டு, "இவன் அப்பனும் ஏழெட்டு வயசுல ஓயாம கன்னத்தைச் சுழிப்பான். அவங்கப்பா கிட்ட வாங்காத அடியில்ல"ன்னு சொன்னாங்க. வீட்டுக்காரருக்கு நினைவே இல்ல. அன்னைக்கு ராத்திரி அவர் சாப்பிடல.

இப்ப மருந்து இல்ல. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சைக்காலஜிஸ்ட். முதல்ல பயம், அப்புறம்தான் தோளுக்குப் பயிற்சி. பள்ளியில நிலாச்சோறு டீச்சர் சொன்ன ரெண்டையும் மட்டும் கேட்டேன், ஒத்துக்கிட்டாங்க. தோள் இன்னும் இருக்கு, செருமல் போன வாரம் கூடினுச்சு. வயித்து வலி வாரத்துல ஒரு நாள்தான் வருது. நேத்து துவைச்ச அஞ்சு சட்டையில ரெண்டு காலர் காய்ஞ்சிருந்துச்சு.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி, நீங்க எழுதினதை அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். அவன் ஒரு கேள்வி கேட்கச் சொன்னான். "அந்த அண்ணன் அஞ்சாம் படிவ எஸ்பிஎம் பரீட்சையில சத்தம் வந்தா என்ன செஞ்சார்?"


பிரிக்பீல்ட்ஸ்_தம்பி
ஞாயிறு, இரவு 10.52

தம்பிகிட்ட சொல்லுங்க அக்கா. முதல் பேப்பர் அன்னைக்கு அரை மணி நேரம் அடக்கினேன், ஒரு கேள்வியும் புரியல. அப்புறம் விட்டுட்டேன். செருமினேன். பக்கத்து மேசைப் பையன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அப்புறம் அவன் பேப்பரை எழுத ஆரம்பிச்சுட்டான், நானும் எழுதினேன்.